பள்ளியில் மத போதனை: சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு சிறுமி பள்ளியிலிருந்து வீடு திரும்புகிறாள். கையில் ஒரு தாள்.

"அம்மா, மத போதனை வகுப்பில் சேர இதில் கையெழுத்துப் போட வேண்டுமாம்" என்கிறாள்.

பள்ளியை நடத்துவோரின் மதம் வேறு. அந்தக் குடும்பத்தின் மதம் வேறு. மறுத்தால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிடுவார்களோ? தாய்க்குப் பயம்.

பயப்பட வேண்டாம். இதற்கான பதில் நமது அரசியல் சட்டத்தில் இருக்கிறது. இச்சட்டம் 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 28ஆம் பிரிவு பள்ளிகளை மூன்று வகையாகப் பார்க்கிறது.

முழுச் செலவும் அரசுடையது

இப்பள்ளிகளில் எந்த மதத்தையும் போதிக்கக் கூடாது. 'அரசு' என்றால் டெல்லியில் இருப்பது மட்டுமல்ல. ஊராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளும் அரசுதான். 12ஆம் பிரிவு இப்படிக் கூறுகிறது. ஆகவே அவை முழுச் செலவில் நடத்தும் பள்ளிகளுக்கும் இந்தத் தடை உண்டு.

ஏன் இந்தத் தடை? அரசுப் பணம் நம் எல்லோருடைய வரிப்பணம். சோப்பு வாங்கினாலும் வரி கொடுக்கிறோம். ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று யாரிடமும் வரி வாங்கக் கூடாது என்கிறது 27ஆம் பிரிவு.

அறக்கட்டளை தொடங்கியது

சில பள்ளிகளை அறக்கட்டளைகள் தொடங்கியிருக்கும். மதம் போதிக்க வேண்டும் என்று அறக்கட்டளையின் விதியில் இருக்கும். அவற்றை இன்று அரசு நிர்வகித்தாலும் அங்கு மத போதனை நடக்கலாம்.

உதவியோ அங்கீகாரமோ பெற்றது

தனியார் நடத்தும் பல பள்ளிகள் அரசின் நிதியுதவி பெறுகின்றன. சில பள்ளிகள் அங்கீகாரம் மட்டும் பெற்றவை. இங்கு மத போதனை இருக்கலாம். வழிபாடும் இருக்கலாம். ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. பிள்ளை சிறுவயதினராக இருந்தால் பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும்.

போதிப்பது வேறு, அறிவது வேறு

புத்தர், ஏசு, நபிகள் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். இது மத போதனை அல்ல. எல்லா மதங்களைப் பற்றியும் அறிந்துகொள்ளத் தடையில்லை. 2002இல் உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்தது. "இதை நம்பு, இப்படி வழிபடு" என்று சொல்லிக் கொடுப்பதே போதனை.

தாய் என்ன செய்தாள்?

முன்பு என்றால் கைநாட்டு வைத்திருப்பாள். இப்போது அவளுக்குப் படிக்கத் தெரியும். தாளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "எனக்குச் சம்மதம் இல்லை" என்று எழுதினாள். கீழே தன் பெயரை எழுதினாள்.

பக்கத்து வீட்டுத் தாய் சம்மதம் தந்தாள். அது அவளுடைய விருப்பம். இருவருக்கும் உரிமை ஒன்றே.

கட்டாயப்படுத்தினால் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுக்கலாம். அடுத்து கல்வி அதிகாரியிடம் முறையிடலாம். உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

எந்தத் தாளையும் படித்த பிறகே கையெழுத்திடுவோம்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊர்ப் பள்ளி எந்த வகை?
2. பிற மதங்களைப் பற்றிப் பிள்ளைகள் அறிவதால் என்ன நன்மை?