பேரூரில் ஒரு லீவு நாள்



நாலு நாள் லீவு கிடைத்தால் ஊட்டியா, வால்பாறையா என்று திட்டம் போடுகிறோம். கையில் காசு இல்லையென்றால் காந்திபுரத்தையே இரண்டு சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அதே காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறினால் சில ரூபாயில் போய்ச் சேரக்கூடிய ஓர் இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நகருக்கு மேற்கே, நொய்யல் கரையில் இருக்கும் பேரூர் பட்டீஸ்வரர் கோயில்தான் அது.

"இது எங்களுக்குத் தெரியாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன். சாமி கும்பிட்டோம், விபூதி பூசினோம், வெளியே வந்து பொரி வாங்கினோம், அவ்வளவுதான். ஒரு பயணியைப் போல நின்று நிதானமாகப் பார்த்தது போன ஆயுத பூஜை லீவில்தான்.

என் அப்பா கிரைண்டர் கல் கொத்தும் பட்டறையில் வேலை செய்கிறார். ஆயுத பூஜைக்கு மறுநாள் பட்டறைக்கு லீவு. அப்பா, அம்மா, நான் மூவரும் காலையிலேயே கிளம்பினோம். சாதாரண டவுன் பஸ் என்பதால் அம்மாவுக்கு டிக்கெட் இல்லை. அதிலேயே அம்மாவுக்குப் பாதி சந்தோஷம்!

கோயிலின் வரலாறு

இந்த ஊரை மேலைச் சிதம்பரம் என்பார்கள். கரிகால் சோழன் திருப்பணி செய்தான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். கச்சியப்ப முனிவர் பேரூர்ப் புராணம் பாடியிருக்கிறார். சுவாமி பெயர் பட்டீஸ்வரர், அம்பாள் பச்சைநாயகி. பட்டி என்றால் பசு. காமதேனு பூஜித்த தலம் என்பதால் இந்தப் பெயர்.

சுந்தரர் பாட வந்தபோது, சிவனும் பார்வதியும் வயலில் இறங்கி நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அதற்காகவே ஆனி மாதத்தில் நாற்று நடவு விழா நடக்கிறது. சேற்றில் இறங்கி வேலை செய்த சாமி என்பதாலோ என்னவோ, அம்மாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். இறவாப் பனை, பிறவாப் புளி என்ற இரண்டு மரங்களும் இத்தலத்தின் அதிசயங்களாகச் சொல்லப்படுகின்றன. புளியங்கொட்டை முளைக்காது என்பது நம்பிக்கை.

கனகசபையில் நான் பட்ட பாடு

கோயிலில் கட்டாயம் பார்க்க வேண்டியது கனகசபை மண்டபம். 17ஆம் நூற்றாண்டில், மதுரை நாயக்கர் காலத்தில் அழகாத்ரி நாயக்கர் கட்டியது. யானையை உரித்த சிவன், வீரபத்திரர், காளி, பிட்சாடனர் என்று ஆள் உயரத்துக்கும் மேலான சிலைகள் தூண்களில் நிற்கின்றன. நரம்பும் நகமும்கூடத் தெரிகிறது. அண்ணாந்து பார்த்தால் கூரையில் கல் தாமரை, கல் சங்கிலி!

நான் சிவில் மாணவன் அல்லவா? "கல்லு அமுக்கற பாரத்தை நல்லாத் தாங்கும், இழுக்கற பாரத்தைத் தாங்காது. அதனாலதான் தூணை நெருக்கி நெருக்கி வெச்சிருக்காங்க" என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். கருங்கல்லின் இழுவலிமை, அதன் அமுக்க வலிமையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், பல கற்களில் அதற்கும் குறைவு. இன்று கான்கிரீட்டில் நாம் கம்பி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

அம்மா சங்கிலியைக் காட்டி, "அது செரி கண்ணு, இந்த வளையத்தை எப்படிக் கோத்தாங்க?" என்று கேட்டார்.

"தனித்தனியாச் செஞ்சு ஒட்டியிருப்பாங்க" என்றேன். அதுவரை பேசாமல் நின்ற அப்பா சிரித்துவிட்டார்.

"கல்லை ஒட்டுனா நிக்குமா? இது அத்தனையும் ஒரே கல்லு கண்ணு."

பிறகு அவரே விளக்கினார். முதலில் உளியால் தட்டி ஓசை பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் நல்ல கல். ஓசை அடைத்துக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது. நீளக் கல்லின் நாலு மூலையையும் எடுத்துவிட்டு, குறுக்குவெட்டில் கூட்டல் குறி மாதிரி வருமாறு செதுக்க வேண்டும். ஒரு வளையம் நிற்கும் பட்டையில், அடுத்தது படுக்கும் பட்டையில் என்று மாற்றி மாற்றி வரும். பிறகு வளையத்தின் நடுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைய வேண்டும். இரண்டு வளையமும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தைக் கடைசியில்தான் அறுத்துவிட வேண்டும். அவசரப்பட்டு ஒரு வளையம் உடைந்தால் அத்தனை நாள் வேலையும் போச்சு! உளி மழுங்க மழுங்க, காய்ச்சித் தட்டித் துவைச்சல் போட்டுக் கொடுக்கக் கொல்லரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொங்கும் சங்கிலி முழுக்க இழுவிசையில் இருக்கிறது. கல்லுக்கு எது ஆகாதோ, அதையே கல்லைச் செய்ய வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்திலும் இப்படிக் கல் சங்கிலி உண்டு. செய்தவர்கள் யாரும் ‘ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ படித்தவர்கள் இல்லை. ஆனால் கல்லைப் படித்தவர்கள்.

அப்பா பேசப் பேச, வெளியூரிலிருந்து வந்த நாலைந்து பேர் சுற்றி நின்று கேட்டார்கள். "நீங்க கைடுங்களா?" என்று ஒருவர் கேட்டார். "இல்லீங்க, கல்லு கொத்தறனுங்க" என்றார் அப்பா, சாதாரணமாக. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. எங்கள் குடும்பத்தில் முதல் முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். அட்மிஷன் ஃபாரத்தில் ‘தந்தை தொழில்’ என்ற இடத்தில், மற்றவர்கள் பார்ப்பார்களே என்று, வெறுமனே ‘கூலி’ என்று எழுதியவனும் நான்தான்.

போகும் நண்பர்களுக்கு

மதியம் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே காலையிலேயே போங்கள். பங்குனி உத்திரத் திருவிழாவில் கூட்டம் அதிகம், சிற்பம் பார்க்க சாதாரண நாளே நல்லது. சிற்பங்களைத் தொடாதீர்கள், போட்டோ எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நொய்யல் படித்துறையையும் பாருங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் பக்கம் காவிரியில் சேரும் ஆறு அது. தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள் அங்கே எப்போதும் இருப்பார்கள்.

இன்னொன்று, வீட்டுக்கு வந்ததும் ஒரு துணி சோப்புக் கட்டியில் இரண்டே வளையம் செதுக்கிப் பாருங்கள். எனக்கு மூன்று சோப்பு உடைந்தது. அம்மாவிடம் திட்டும் கிடைத்தது. நாலாவதில்தான் வளையம் ஆடியது!

இந்த வருஷ ஸ்காலர்ஷிப் ஃபாரத்தில் அதே இடம் வந்தது. ‘கல் தொழிலாளி’ என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன்.

லீவு நாளில் கோயிலுக்குப் போங்கள் நண்பர்களே. முடிந்தால் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.



— இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன்