முதல் சம்பளம் – 9: ஐந்தரை மணி இருட்டுக்கு ஒரு மோட்டார்

சென்ற வாரம் சம்பளச் சீட்டில் இபிஎஃப், சொக்சோ எல்லாம் பிடித்தது போக கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தோம். மிஞ்சியதில் முதலில் கைவைப்பது எது என்று தாசேக் கெலுகோரில் கேட்டால் பத்துக்கு எட்டு வீட்டில் ஒரே பதில்தான் வரும்: மோட்டார்.

அந்த ஊரில் ரயில் நிலையம் இருக்கிறது. பட்டர்வொர்த்துக்கும் பாடாங் பெசாருக்கும் இடையே ஓடும் கொமுட்டர் நின்றுதான் போகிறது. ஆனால் ரயில் இறக்கிவிடும் இடம் ஒன்று, கம்பெனி வாசல் வேறொன்று. மாக் மண்டின், பிறை, புக்கிட் மின்யாக், பத்து காவான் என்று வேலை இருக்கும் இடமெல்லாம் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இல்லை. காலை ஷிப்ட் ஏழு மணிக்கு என்றால் ஐந்தரைக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நம் பக்கம் சூரியன் எழவே ஏழு மணி ஆகிவிடும். ஆகவே முதல் மோட்டாரை யோசிக்கும்போது கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் பளபளவென்று நிற்கும் வண்டியை மறந்துவிடுங்கள். விளக்கில்லாத செம்பனைத் தோட்ட ஓரத்தில், மழை விட்ட ஈரத்தில், பின்னால் லாரி வரும்போது அந்த வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் கேள்வி.

என் பதில் கப்சாய். பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. "அண்ணன் வைசுக்கு ஓட்டுறான், எனக்கு மட்டும் தாத்தா வண்டியாப்பா?" என்று முகம் சுருங்கும். தாத்தா வண்டி என்பது உண்மைதான். ஹோண்டா 1958-ல் ஜப்பானில் சூப்பர் கப்பை வெளியிட்டது. அதை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து விற்றவர் பினாங்குக்காரரான லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, பஸ் கழுவி, பஸ் முதலாளியாகி, பிறகு ஹோண்டா முகவரானவர், 1995-ல் காலமானார். அந்த வம்சத்தில் வந்ததுதான் 1987-ல் இறங்கிய இஎக்ஸ்5. ரப்பர் பால் வாளி, காய்கறிக் கூடை, மூன்று பிள்ளைகள் என்று அது சுமக்காததில்லை. பூன் சியூ ஹோண்டாவின் ஆலை இப்போது பத்து காவானில். வடக்கே போனால் கெடா குருணில் மொடெனாஸ் ஆலை. அங்கிருந்து 1996-ல் கிரிஸ் வந்தது. இரண்டு மோட்டார் ஆலைகளுக்கு நடுவில் இருக்கிற ஊர் தாசேக் கெலுகோர். இதில் பெருமையை விட லாபம் அதிகம். எந்தச் சந்தில் நின்றுபோனாலும் இந்த வண்டிகளைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒரு மோட்டார் கடை கிட்டத்தில் இருக்கும், சாமானும் அங்கேயே கிடைக்கும்.

புதிதாக ஓட்டுகிறவருக்குக் கப்சாயில் இன்னொரு வசதி, கிளட்ச் பிடி கிடையாது. காலால் கியரை மிதித்தால் போதும், கிளட்ச் வேலையை இன்ஜின் தானே பார்த்துக்கொள்ளும். சாலை வட்டத்தில் ஒரு பக்கம் கார், மறுபக்கம் லாரி என்று வரும்போது கை இரண்டும் பிரேக்குக்கும் கைப்பிடிக்கும் மட்டுமே என்று இருப்பது பெரிய நிம்மதி. வண்டியும் இலகு. நின்றுபோனால் தள்ளலாம், சாய்ந்தால் தூக்கலாம்.

பி2 லைசென் 16 வயதில் எடுக்கலாம். 250 சிசி வரை ஓட்டலாம். அனுமதி இருக்கிறதே என்று முதல் நாளே பெரிய இன்ஜினில் ஏறுவதில் எனக்கு உடன்பாடில்லை. பள்ளியில் ஒற்றைப் பலகையில் ஓட்டி, வளைந்து வளைந்து கூம்புகளைச் சுற்றி வந்ததெல்லாம் ஊர்ந்து போகும் வேகத்தில் கற்ற பாடம். அறுபதில் போகும்போது நாய் குறுக்கே வந்தால் என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தப் பாடத்தைச் சாலைதான் தரும். பி ஒட்டி ஓட்டும் அந்த இரண்டு ஆண்டு அதற்குத்தான். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரில் போனவர்கள் என்பதைப் பெற்றோர் மறக்க வேண்டாம்.

பணக் கணக்கும் கப்சாய் பக்கமே சாய்கிறது. 150 சிசி வரைக்கும் சாலை வரி ஆண்டுக்கு 2 வெள்ளி. அதைத் தாண்டி 200 சிசி வரை 30 வெள்ளி. 155 சிசி வண்டி வாங்கினால் ஐந்தே சிசிக்காக ஒவ்வோர் ஆண்டும் 28 வெள்ளி கூடுதல். அது சின்னத் தொகை, விடுங்கள். பெரிய ஓட்டை தவணையில் இருக்கிறது. இஎக்ஸ்5 சுமார் 5,000 வெள்ளி, வைசுக்கு சுமார் 9,000. "மாசம் 230 தான் தம்பி" என்று கடைக்காரர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்: 13,800 வெள்ளி. 9,000 வெள்ளி வண்டிக்கு! அந்த ஐந்து ஆண்டில் பிள்ளை கம்பெனி மாறியிருப்பான், வண்டியும் இரண்டு முறை கீழே விழுந்திருக்கும். தவணை மட்டும் மாறாது. வைசுக்கு நல்ல வண்டிதான், ஆனால் திருடர்களுக்கும் அது பிடித்த வண்டி. இரவு ஷிப்டுக்குப் போய் எட்டு மணி நேரம் வெளியே நிறுத்துகிறவர் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

எல்லாருக்கும் இஎக்ஸ்5 என்று நான் சொல்லவில்லை. வேலை எங்கே என்பதைப் பொறுத்தது. கப்பளா பத்தாஸ், பட்டர்வொர்த் என்றால் அதுவே போதும், போதாததற்கு மிச்சமும் உண்டு. வேலை பாயான் லெப்பாஸில் என்றால் கதை வேறு. ஒரு வழிக்கே சுமார் 40 கிலோமீட்டர்; அதில் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம். 2019 தொடக்கத்திலிருந்து மோட்டாருக்கு டோல் இல்லை என்பதால் எல்லாரும் பாலத்தில் ஏறிவிடுகிறார்கள். டோல் போனாலும் காற்று போகவில்லை. நடுப்பாலத்தில் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது இலகுவான வண்டியை அது அரை அடி தள்ளிவிடும். கூடவே, லாரிகளோடு ஒத்து ஓட முடியாத வேகத்தில் இடது ஓரம் ஒண்டிக்கொண்டே போவதும் ஆபத்துதான். பாலம் தாண்டுகிறவர்கள் கொஞ்சம் கூடப் போட்டு 125 சிசி, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள கப்சாய் எடுப்பது நல்லது. ஹோண்டா வேவ் 125 அந்த வகை. ஜார்ஜ்டவுனிலேயே வேலை என்றால் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு போகலாம். காற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

டயர் விஷயத்தில் ஒரு வார்த்தை. டியூப் உள்ள டயரில் ஆணி ஏறினால் காற்று சட்டென்று இறங்கி வண்டி பாம்புபோல நெளியும். டியூப்லெஸ் டயரில் மெல்ல இறங்கும், ஓரம்கட்ட நேரம் கிடைக்கும். ரிம்மைப் பார்த்து, கடைக்காரரிடம் கேட்டு டியூப்லெஸ் எடுங்கள். அப்படி எடுத்த பிறகு பிள்ளை கூட்டாளி பேச்சைக் கேட்டு ஒல்லி டயர் மாட்டிவந்தால் அன்றே கழற்றச் சொல்லுங்கள். ஈர ரோட்டில் அதற்குப் பிடிமானமே கிடையாது. வண்டியில் மிச்சம் பிடித்த காசில் சிரிம் முத்திரை உள்ள, தலைக்கு இறுக்கமாக உட்காரும் ஹெல்மெட்டும், இரவில் ஒளிரும் பட்டை வைத்த மழைக்கோட்டும் வாங்கலாம். கறுப்பு மழைக்கோட்டு வேண்டாம். ஐந்தரை மணிக்கு லாரி ஓட்டுநர் கண்ணுக்கு அது இருட்டோடு இருட்டு.

பழைய வண்டி வாங்கினாலும் தப்பில்லை. முதல் வண்டி எப்படியும் விழுந்து கீறல் வாங்கும். அது பழையதாகவே இருக்கட்டும். ஆனால் போகும்போது மோட்டார் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். குளிர்ந்த இன்ஜினை முதல் தடவை அவரே ஸ்டார்ட் செய்யட்டும். விற்கிறவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. ஹேண்டலை இரு பக்கமும் மெல்லத் திருப்பும்போது நடுவில் எங்காவது தட்டினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு கிரானில் உள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் குத்தியிருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்று மாறியிருந்தாலும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

"சொந்தக்கார மாமாதானே, பெயர் அப்புறம் மாத்திக்கலாம்" என்ற பேச்சுக்கும் இடம் கொடுக்க வேண்டாம். மாமா பேரில் பாக்கி சம்மன் இருக்கிறதா என்று பார்த்து, ஜேபிஜே-யில் பெயர் மாறிய பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள். இல்லையென்றால் பிள்ளை சிவப்பு விளக்கில் போனதற்கு மாமா வீட்டுக்குக் கடிதம் போகும். தீபாவளிக்கு இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

காப்புறுதியில் மூன்றாம் தரப்பு எடுப்பதா, முழுக் காப்பு எடுப்பதா என்பதை அடுத்த வாரம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

(தொடரும்)