தறி நின்றால் விழிக்கும் மூளை

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தூங்கும்போதும் மூளை வேலை செய்துகொண்டே இருக்கிறது என்று சொன்னதும் கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "எங்க வீட்டுல ராத்திரி பூரா தறி ஓடுங்க சார். தம்பிப் பாப்பா நல்லாத் தூங்குவான். கரண்ட் போயி தறி நின்னுதுன்னா உடனே எந்திரிச்சு அழுவானுங்க."

வகுப்பே சிரித்தது. திருச்செங்கோடு, பள்ளிபாளையம் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான். நான் தயாரித்து வைத்திருந்த விளக்கத்தைவிட இது நன்றாக இருந்தது. சத்தம் குழந்தையை எழுப்பவில்லை, சத்தம் மாறியதுதான் எழுப்பியது. அடுத்த 'டக்' எப்போது வரும் என்று உறங்கும் மூளை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது. வராவிட்டால் கவனிக்கிறது.

இந்தக் கவனிப்பை அளக்க முடியும். தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் முறைதான் இ.இ.ஜி. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையிலிருந்து முதன்முதலாக அவ்வாறு பதிவு செய்தார். பின்லாந்து ஆய்வாளர் ரிஸ்டோ நாட்டானெனும் உடன் பணியாற்றியவர்களும் 1978இல் ஒரு குறிப்பிட்ட அலையை விவரித்தார்கள். ஒரே மாதிரியான ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்து, இடையிடையே ஒன்றை மட்டும் சற்று நீளமாகவோ வேறு சுருதியிலோ ஒலிக்க விடுகிறார்கள். கேட்பவர் அதைக் கவனிக்க வேண்டியதில்லை, சத்தமில்லாத படம் பார்த்துக்கொண்டிருக்கலாம். மாறிய ஒலி தொடங்கி 100 முதல் 250 மில்லி விநாடிக்குள் ஒரு சிறு அலை எழுகிறது. 'மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி' என்பது அதன் பெயர். 'பொருந்தாமை அலை' என்று வைத்துக்கொள்வோம். மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடம் இந்த அலை சராசரியாகச் சிறிதாக இருப்பது 1990களிலிருந்து பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் ஒரு மாணவன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு வயதில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இதய அறுவை சிகிச்சை நடந்தவன். மூக்கால் பேசுவான், பையன்கள் அப்படியே பேசிக் காட்டுவார்கள். தமிழ்ப் பாடத்தைத் தடங்கலின்றி வாசிப்பான். பின்னக் கணக்கு என்றால் திணறுவான். 'வாசிக்கத் தெரிந்தவனுக்குக் கணக்கு வராதா, சோம்பேறி' என்று ஆசிரியர் அறையில் சொன்னவர்களில் நானும் ஒருவன். ஒன்பதாம் வகுப்பில் அவன் மாறினான். நண்பர்களோடு சாப்பிடுவதை நிறுத்தினான். எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். நான் அவனை எழுப்பி நிற்கவைத்துத் திட்டினேன். அன்று திட்டியது இன்னும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

வீட்டில் முதலில் குணசீலம் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். பிறகு மருத்துவமனைக்கும் போனார்கள். இதயம், குரல், கணக்கு, இப்போது இந்தப் பயம் எல்லாவற்றையும் ஒரே சீட்டில் வரிசையாக எழுதிப் பார்த்த மருத்துவர் மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். விடை: 22கியூ11.2 நீக்கம்.

22ஆம் குரோமோசோமின் இரு படிகளில் ஒன்றில், பெரும்பாலானவர்களுக்குச் சுமார் 30 லட்சம் எழுத்துகள் நீளமுள்ள ஒரு துண்டு இல்லாமல் போவதுதான் இது. நாற்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் அதில் உள்ளன. சில ஆயிரம் பிறப்புகளில் ஒன்றில் இது நேர்கிறது. இதயக் குறைபாடு, அண்ணக் குறைபாடு, மூக்கொலிப் பேச்சு, கால்சியம் குறைந்து வரும் வலிப்பு, அடிக்கடி தொற்று, கணக்கில் தடுமாற்றம் ஆகியவை இதன் அடையாளங்கள். ஒரு பிள்ளையிடம் எல்லாமே இருக்க வேண்டும் என்பதில்லை. தனித்தனி நோய்களாகப் பார்க்கப்பட்ட இவற்றை ஒன்றாக இணைத்து விவரித்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஷ்பிரின்ட்சன், பேச்சுப் பயிற்சித் துறையைச் சேர்ந்தவர். பிள்ளைகள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதே அவர் தொழில். அவர் எழுதியதும் 1978இல்தான்.

அந்தத் தாய் மருத்துவரிடம் முதலில் கேட்டது: "மாமனையே கட்டுனதாலதானுங்களா?" நம் பகுதியில் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். சொந்தத்தில் மணம் முடித்தால், பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே குறையுள்ள மரபணு வந்து சேரும் வகை நோய்களுக்கு வாய்ப்பு கூடும். இது அந்த வகையே அல்ல. ஒரு படியில் குறைந்தாலே போதும், அதுவும் பத்தில் ஒன்பது பேரிடம் பெற்றோரிடம் இல்லாமல் புதிதாக நேர்வது. யார் செய்த தவறும் இல்லை. எஞ்சியவர்களுக்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருகிறது, அதனால் பெற்றோரையும் பரிசோதிப்பார்கள்.

இந்த நீக்கம் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வளர்ந்த பின் மனச்சிதைவு அல்லது அது போன்ற நோய் வருகிறது. பொது மக்களிடம் அது நூற்றில் ஒருவர் அளவுக்கும் குறைவு. நான்கில் மூவருக்கு வருவதில்லை என்பதை நான் பெற்றோரிடம் முதலில் சொல்வேன். ஆய்வாளர்களுக்கு இந்தப் பிள்ளைகள் ஏன் முக்கியம் என்பதும் இங்கேதான் விளங்கும். சாதாரணமாக நோய் வந்த பிறகே நோயாளி மருத்துவரிடம் வருகிறார், அதற்கு முன் மூளை எப்படி இருந்தது என்று திரும்பிப் பார்க்க வழியில்லை. இவர்களையோ ஐந்து, ஆறு வயதிலிருந்தே பின்தொடரலாம்.

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா குழு, கண்மூடி ஓய்வாக இருக்கும்போது இவர்களின் மின்னலை வடிவங்கள் நிலைக்கும் நேரமும் மாறும் விதமும் மற்றப் பிள்ளைகளிடமிருந்து வேறுபடுவதைக் கண்டது. நியூயார்க்கில் 2020இல் வெளியான ஆய்வு, நீக்கம் உள்ளவர்களுக்குள்ளேயே ஒலிக்கான அலைகள் இரு விதமாகப் பிரிவதைக் காட்டியது. மனநோய் அறிகுறி இல்லாதவர்களிடம் பெரிதாகவும் அறிகுறி உள்ளவர்களிடம் சிறிதாகவும் இருந்தன. பிரிட்டனில் கார்டிஃப், பிரிஸ்டல் ஆய்வாளர்கள் 2022இல் உறக்கத்தைப் பதிவு செய்தனர். ஒப்பிட எடுத்துக்கொண்டது அந்தப் பிள்ளைகளின் உடன்பிறந்தவர்களை. ஒரே வீடு, ஒரே உணவு, ஒரே படுக்கை நேரம் என்பதால் வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று சொல்வது எளிது. ஆழ்ந்த உறக்கத்தின் மெதுவலைகளும் 'ஸ்பிண்டில்' எனப்படும் கதிர் வடிவ அலைகளும் நீக்கம் உள்ளவர்களிடம் உயரம் கூடியிருந்தன. பகலில் படித்தது நினைவில் படிவதோடு தொடர்புடைய அலைகள் இவை.

அப்படியானால் ஒரு இ.இ.ஜி. எடுத்து, 'இவனுக்கு வரும், இவனுக்கு வராது' என்று சொல்லிவிடலாமா? முடியாது. நமக்குப் பழகிய கணக்கிலேயே பார்ப்போம். 'அ' பிரிவின் சராசரி 62, 'ஆ' பிரிவின் சராசரி 55. வேறுபாடு உண்மைதான். ஆனால் 58 மதிப்பெண் உள்ள ஒரு விடைத்தாளை மட்டும் கையில் கொடுத்து, எந்தப் பிரிவு என்று கேட்டால் நம்மால் சொல்ல முடியாது. மூளை அலைக் குறிகள் இன்று அந்த நிலையில்தான் இருக்கின்றன. எதிர்காலத்தை அறிய 'ஸ்கேன்' எடுக்கலாம் என்று பணம் கேட்பவர்களிடம் பெற்றோர் போய் நிற்காமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலைதான்.

நம் மாநிலத்திலும் இத்துறையில் நெடுங்காலமாகப் பணி நடக்கிறது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 3000க்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டன. நயாசின் என்ற பி3 வைட்டமினை உடல் பயன்படுத்துவதோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் அருகே சிறு வேறுபாடு தெரிந்தது. (உடனே கடையில் நயாசின் மாத்திரை வாங்கக் கூடாது, அதற்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது.) எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது 1981இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு. முதல்முறை மனச்சிதைவு வந்த 90 பேரை மருத்துவர் தாராவின் குழு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. பத்தாண்டு முடிவில் தொடர்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அறிகுறி இல்லாமல் இருந்தார்கள். 'இனி அவ்வளவுதான்' என்று வீட்டில் அழுபவர்களிடம் இதைச் சொல்லலாம்.

மின்முனை நம்மிடம் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையை ஆண்டுக்கு 200 நாளுக்கு மேல் பார்ப்பவர்கள் நாம். ஒன்றாம் வகுப்பிலேயே மூக்கொலிப் பேச்சும் இதய சிகிச்சை வரலாறும் கணக்கில் தடுமாற்றமும் ஒருவனிடம் சேர்ந்து தெரிந்தால், ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். தனித்தனியாகச் சொன்னால் தனித்தனியாகவே பார்க்கப்படும். நோயின் பெயரை நாம் சொல்ல வேண்டாம், அது மருத்துவர் வேலை. வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநரிடமும் சொல்லிவையுங்கள். கணக்கைப் பொருள்களைக் கொண்டு, சிறு சிறு படிகளாகக் கற்பித்தால் இவர்களுக்கு எளிதாகிறது.

உயர்நிலை வகுப்புகளில் பார்க்க வேண்டியது மாற்றத்தை. எப்போதும் அமைதியானவன் அமைதியாக இருப்பது வேறு, பேசிக்கொண்டிருந்தவன் இரண்டு மாதமாகப் பேசாமல் இருப்பது வேறு. உறக்கம் தலைகீழாவது, குளிக்காமல் வருவது, காரணமில்லாத சந்தேகம், யாரும் பேசாதபோது குரல் கேட்கிறது என்பது, இவற்றுக்கு மரபணு நீக்கம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. எந்தப் பிள்ளையாக இருந்தாலும் தலைமையாசிரியருடன் பேசிப் பெற்றோரைத் தனியாக அழையுங்கள். டெலி மனஸ் 14416க்கு ஆசிரியரே அழைத்து ஆலோசனை கேட்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

என் மாணவனுக்கு அப்போது இருந்தது பதற்றம்தான், மனச்சிதைவு இல்லை என்றார் மனநல மருத்துவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். பிளஸ் டூ முடித்துவிட்டு இப்போது சங்ககிரி சாலையில் மாமாவின் ரிக் வண்டிப் பட்டறையில் இருக்கிறான். உதிரிபாகக் கணக்கை மட்டும் வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, "டீ சாப்பிட்டுத்தான் போகோணுங்க சார்" என்று வண்டியை மறித்தான்.