பிரியாணி வாசனைக்கு நடுவே புரட்டாசி விரதம்! திருவல்லிக்கேணி மேன்ஷன் வாலிபர்கள் படும் பாடு

சென்னை, செப். 20–

திருவல்லிக்கேணியில் இரவு 11 மணி. பார்த்தசாரதி கோவில் நடை சாத்தியாகிவிட்டது. தெருமுனை பரோட்டா கடையில் மட்டும் கொத்து பரோட்டா போடும் சத்தம் "டக டக" என்று கேட்கிறது. மேன்ஷன் படிக்கட்டில் ஒரு வாலிபர் உட்கார்ந்திருக்கிறார். வயிறு காலி. வாசனை மூக்கைத் துளைக்கிறது.

புரட்டாசி முடியும் வரை கறி, மீன், முட்டை தொடுவதில்லை என்று சபதம் போட்டு இன்றோடு நாலு நாள்தான் ஆகிறது!

இவர் ஒருவர் அல்ல. புரட்டாசி பிறந்தால் சென்னையில் மேன்ஷன், ஆஸ்டல், வாடகை ரூம் என்று எங்கே பார்த்தாலும் இப்படி வாலிபர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்று 2014-ம் ஆண்டு மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு சொன்னது. அப்படிப்பட்ட ஊரில் செப்டம்பர் 17 வாக்கில் தொடங்கி ஒரு மாதத்துக்கு கறிக்கடையில் ஈ ஓட்டுகிறார்கள் என்றால் சும்மாவா?

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றி, கருவாட்டுக் குழம்பு வைத்து சாப்பிட்ட அதே வாலிபர்கள்தான். ஆவணி போய் புரட்டாசி வந்ததும் "பெருமாள் மாசம்" என்று பாத்திரத்தைக் கழுவி கவிழ்த்து விடுகிறார்கள்.

"மச்சி, ஒரு மாசம்தானே!"

ஊரில் இருந்தவரை இது கஷ்டமே இல்லை. அம்மா சமைக்கவில்லை, பிள்ளை சாப்பிடவில்லை. அவ்வளவுதான். அது அம்மா இருந்த விரதம்.

சென்னைக்கு வேலை தேடி வந்த பிறகு கதையே வேறு. கடையும் கையில், காசும் கையில், போனைத் தட்டினால் பிரியாணி வாசலுக்கே வருகிறது. வேண்டாம் என்று சொல்ல வேண்டியது தன் வாய்தான். முதல் தடவையாக சொந்தமாக விரதம் இருப்பது இங்கேதான்.

ரூமில் நாலு பேர் இருந்தால் ஒருவர் ஆரம்பித்து வைப்பார். "மச்சி, ஒரு மாசம்தானே, இருந்து பாத்துருவோம்" என்பார். இன்னொருவர் வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு சேருவார். மூன்றாமவருக்கு சாமியும் இல்லை, பூதமும் இல்லை, உடம்பு இளைக்க வேண்டும். நாலாமவர் "பந்தயம் கட்டுறியா?" என்ற ரோஷத்தில் சேருவார்.

முதல் சனிக்கிழமை பிரமாதமாகப் போகும். மீசைப் பெருமாளை சேவித்துவிட்டு சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டு, ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லியை வெட்டினால் "அசைவம் எதுக்குடா?" என்றுகூட தோன்றும்.

அடுத்த சில நாளில்தான் ஆட்டம் ஆரம்பம்!

சால்னா செய்த சதி

இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு மெஸ் இருக்காது. சைவ ஓட்டல்கள் பூட்டியிருக்கும். திறந்திருப்பது பரோட்டா கடை ஒன்றுதான். "பரோட்டா சைவம்தானே, மைதா மாவுதானே" என்று உட்காருவார்.

இலையில் பரோட்டா விழும். மேலே சால்னா விழும். "எம்ப்டி சால்னாதான், பீஸ் கிடையாது" என்பார் சப்ளையர்.

பீஸ் இல்லைதான். ஆனால் எலும்பு எங்கே வெந்தது? அதே சட்டியில்தான்! விரதம் போனதே தெரியாமல் விரதம் இருக்கிறவர்கள் ஏராளம்.

தள்ளுவண்டியில் கோபி 65, காளான் 65 விற்கிறார்கள். பக்கத்திலேயே சிக்கன் 65. வாணலி ஒன்று, எண்ணெய் ஒன்று. கரண்டியும் ஒன்றுதான். முட்டை தோசை ஊற்றிய கல்லில்தான் வெறும் தோசையும் ஊற்றுகிறார்கள். ரொம்ப நோண்டினால் பட்டினிதான் கிடக்க வேண்டும் என்று பலரும் கண்டும் காணாமல் சாப்பிட்டு விடுகிறார்கள்.

குஸ்கா வழக்கு

இதில் பெரிய தகராறு குஸ்காவில்தான். பிரியாணியில் கறித்துண்டை எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கும் சோறு குஸ்கா. "பாய், குஸ்கா மட்டும் குடுங்க" என்று ஒருவர் வாங்கி வந்துவிட்டால் அன்று இரவு ரூமில் கோர்ட்டுதான்.

வாங்கியவர் வாதம்: "கறி இருக்கா? தேடிப் பாரு!"

எதிர்த்தரப்பு: "கறித்தண்ணியில வெந்த சோறு, அது கறிதான்!"

கடைக்காரரிடமே கேட்டால் தீர்ப்பு கிடைத்துவிடும். நேர்மையானவராக இருந்தால், "தம்பி, விரதம்னா இது வேணாம். மாசம் முடிஞ்சதும் வாங்க" என்று சொல்லி அனுப்புவார். நஷ்டம் அவருக்குத்தான். இருந்தும் சொல்கிறார்.

சொல்லாமல் போனால் இருக்கவே இருக்கிறது கடத்தல். பைக்குள் பை, அதற்குள் பேப்பர், அதற்குள் பொட்டலம். மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்த் தின்றுவிட்டு, வெற்றிலை பாக்கு போட்டு வாயை மறைத்துக்கொண்டு ரூமுக்குள் வந்தாலும் விரல் நுனி வாசனை காட்டிக் கொடுத்துவிடும். கையும் களவுமாக பிடிபட்டவர் ரூமில் எல்லோருக்கும் டீ வாங்கித் தரவேண்டும். எழுதாத சட்டம் இது!

ஆம்லெட் போனது, ஆள் சாய்ந்தார்

சிரிப்பு இருக்கட்டும். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது.

மேன்ஷன் வாலிபர் தினமும் கறி சாப்பிடுகிறவர் அல்ல. அதற்குக் காசு ஏது? ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, மற்ற நாளில் மெஸ் சாப்பாட்டோடு ஒரு ஆம்லெட், ராத்திரி ஒரு அவித்த முட்டை. விரதம் என்றதும் அந்த முட்டைகள்தான் முதலில் போகின்றன. அந்த இடத்துக்கு என்ன வருகிறது? இன்னொரு கரண்டி சோறு!

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஆளின் எடையில் ஒரு கிலோவுக்கு நாள் ஒன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் கொடுத்த கணக்கு. அப்படியானால் 60 கிலோ எடையுள்ள வாலிபருக்கு தினமும் 50 கிராம். காலையில் 4 இட்லி தின்றால் 8 கிராம் தேறும். மத்தியான சோற்றில் கொஞ்சம். சாம்பாரில் பருப்பு இருந்தால் அதில் கொஞ்சம். பல மெஸ் சாம்பாரில் பருப்பை டார்ச் அடித்துத்தான் தேட வேண்டும்!

இரண்டு வாரத்தில் "தலை சுத்துது மச்சி, சைவம் நமக்கு ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டு பிரியாணி கடைக்கு ஓடுகிறவர்கள் பலர். பழி சைவத்தின் மேல். தப்பு தட்டில் இருக்கிறது. கறியை நிறுத்தினார்களே தவிர, அதற்குப் பதில் ஒன்றையும் வைக்கவில்லை.

பெண்கள் ஆஸ்டலில் இது இன்னும் மோசம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில் தெரியவந்தது. மீன் சாப்பிட்டு வளர்ந்த பெண், ஆஸ்டலில் தயிர்சாதமும் ஊறுகாயுமாக ஒரு மாதத்தை ஓட்டுவது பக்தியாக இருக்கலாம். உடம்புக்கு அது தெரியாது. கீரையும் பயறும் சாப்பிட்டு, கூட ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது சேருவது குறைந்துவிடும். ஆஸ்டல்களில் நடப்பதோ சாப்பாடு முடிந்ததும் டீ!

கடற்கரையில் இருக்குது மருந்து

இதற்காக பாதாம் பருப்பு வாங்க வேண்டியதில்லை. திருவல்லிக்கேணியிலிருந்து பொடிநடையாகப் போனால் மெரினா. அங்கே தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல். வேகவைத்த பட்டாணியோ கொண்டைக்கடலையோ 100 கிராமில் 8 கிராம் புரதம். ஒரு முட்டைக்கு மேலே!

பெரியவர்கள் விவரம் தெரிந்துதான் வைத்தார்களோ என்னவோ, பெரும்பாலும் இதே மாதத்தில்தான் நவராத்திரியும் வருகிறது. ஒன்பது நாளும் கோவிலில், கொலு வைத்த வீட்டில் சுண்டல். தெரிந்த வீடு நாலு இருந்தால் போதும், ஆம்லெட் பாக்கி தீர்ந்துவிடும்.

100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம், பொட்டுக்கடலையில் சுமார் 20 கிராம். ஜிம்முக்குப் போகும் பையன்கள் மீல் மேக்கரைப் பிடித்துக்கொண்டார்கள். உலர்ந்த மீல் மேக்கர் 100 கிராமில் பாதி எடை புரதம்தான். மேன்ஷனில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். சுடுதண்ணீர் கெட்டிலில் ஊறவைத்து வேலையை முடித்துக்கொள்கிறார்கள் கில்லாடிகள்.

காசு இல்லாதவர்களுக்கு அம்மா உணவகம் இருக்கிறது. 2013-ல் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர்சாதம் 3 ரூபாய். அத்தனையும் சைவம். வேலை கிடைக்காத வாலிபர் பலருக்கு வருடம் பூராவும் அங்கே புரட்டாசிதான்.

பி-12 என்ற வைட்டமின் செடி கொடியில் கிடைக்காது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அது உண்மைதான். ஆனால் பால், தயிரில் உண்டு. அதோடு ஈரல் அதை வருடக் கணக்கில் சேர்த்து வைக்கும். ஒரு மாதத்தில் ஒன்றும் ஆகிவிடாது. பாலும் வேண்டாம், மோரும் வேண்டாம் என்று "வீகன்" ஆகி, அதையே வருடக் கணக்கில் தொடருகிற இளைஞர்கள்தான் டாக்டரைக் கேட்டு மாத்திரை போட வேண்டும்.

வீடு வேண்டுமா? "நாங்க சைவம் சார்!"

சாமிக்காக அல்லாமல் சாவிக்காக சைவம் ஆகிறவர்களும் இருக்கிறார்கள்.

மைலாப்பூர், மேற்கு மாம்பலம், ஏன் திருவல்லிக்கேணி மாடவீதிகளிலேயே "வீடு வாடகைக்கு – சைவம் மட்டும்" என்று போர்டு தொங்குவதைப் பார்க்கலாம். கல்யாணம் ஆகாத பையனுக்கு சாதாரணமாகவே வீடு கிடைக்காது. இதில் மீன் தின்கிறவன் என்று தெரிந்தால் அட்வான்சைக் கையில் வைத்துக்கொண்டே திரும்ப வேண்டியதுதான். "நாங்க சைவம் சார்" என்று கூசாமல் சொல்லிவிட்டு சாவியை வாங்குகிறார்கள்.

சாதியை வாய்விட்டுக் கேட்க முடியாது. சாப்பாட்டைக் கேட்டால் பாதி தெரிந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

உள்ளே வந்த பிறகு குப்பைக் கூடைக்குப் பயம், எலும்புக்குப் பயம், டெலிவரி பையனுக்குப் பயம். 2024 மார்ச்சில் சொமேட்டோ கம்பெனி சைவ சாப்பாட்டுக்கு மட்டும் பச்சை சட்டை ஆட்களை அனுப்பப் போவதாக அறிவித்தது. மறுநாளே வாபஸ்! எல்லோருக்கும் சிவப்பு சட்டைதான் என்று மாற்றிவிட்டார்கள். சட்டையின் நிறத்தைப் பார்த்தே வாடகைக்காரர் என்ன சாப்பிடுகிறார் என்று வீட்டுக்காரர் கண்டுபிடித்து தொல்லை கொடுக்கக்கூடும் என்பதை அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

இந்த வாலிபர்களுக்கு ஒரு மாதக் கணக்கெல்லாம் கிடையாது. அக்ரிமெண்ட் 11 மாதம்!

கோழி காத்திருக்காது

மறுபக்கம் ஒன்று உண்டு. ஒரு ரூமில் நாலு பேர் கறியை விட்டால் எங்கேயோ ஒருவருக்குக் கூலி குறைகிறது.

பண்ணைக் கோழிக்குஞ்சு சுமார் 40 நாளில் 2 கிலோ எடைக்கு வந்துவிடும். ஆவணி முதல் வாரம் விட்ட குஞ்சு, புரட்டாசி இரண்டாவது வாரத்தில் விற்பனைக்கு நிற்கும். "விரதம் முடியட்டும்" என்று அதை நிறுத்தி வைக்க முடியாது. நிற்கிற ஒவ்வொரு நாளும் தீவனம் தின்னும். அதனால்தான் வந்த விலைக்குத் தள்ளுகிறார்கள். முட்டைக்கு அந்தக் கஷ்டம் கொஞ்சம் குறைவு. நாமக்கல் முட்டை லாரிகள் கேரளாவுக்குப் போகின்றன. அங்கே புரட்டாசி விரதம் கிடையாது!

காசிமேட்டில் கதை வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அது முடிந்து மூன்று மாதம் நிமிர்ந்து உட்காருவதற்குள் புரட்டாசி. டீசல் காசு மாறாது, ஐஸ் காசு மாறாது. மீன் விலை மட்டும் இறங்கும். சிந்தாதிரிப்பேட்டையில் கூடை முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைக் கேட்டால் தெரியும்.

ஜாம்பஜாரில் இரண்டு அண்டா பிரியாணி ஏற்றிய இடத்தில் ஒரு அண்டா. கறி வெட்டும் கூலிக்காரருக்கு நாள்கூலி. வெட்ட ஆடு இல்லை என்றால் கூலியும் இல்லை. விரதம் இருக்கிறவருக்கு ராத்திரி மட்டும் பசி. இவருக்கு மாதம் முழுக்க இழுபறி.

"பெருமாள் மாசத்துல வியாபாரம் இப்படித்தான்" என்று அவர்கள் கோபப்படுவதும் இல்லை. சில பிரியாணி கடைகளில் புரட்டாசிக்கென்று தனிப் பாத்திரத்தில் காளான் பிரியாணி போடுகிறார்கள். விரதம் இருக்கும் வாலிபர்கள் அங்கேயே போய் சாப்பிடுகிறார்கள்.

ஐப்பசி ஒன்று

அக்டோபர் 18 வாக்கில் ஐப்பசி பிறக்கும். அன்று காலை கறிக்கடையில் கத்தி தீட்டும் சத்தத்தை அடுத்த தெருவில் கேட்கலாம். அது சனிக்கிழமையாக வாய்த்துவிட்டால் மறுநாள் ஞாயிறு வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறவர்களும் உண்டு.

மாதம் முழுக்கத் தாக்குப்பிடித்தவர்களில் சிலர் ருசி மாறிப்போய் "வாரத்துக்கு ஒரு நாள் போதும்" என்று குறைத்துக்கொள்கிறார்கள். ஒன்றிரண்டு பேர் அப்படியே தொடருகிறார்கள். மற்றவர்கள் அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. நவம்பர் நடுவில் கார்த்திகை பிறந்துவிடும். சபரிமலைக்கு மாலை போடுகிறவருக்கு அன்று முதல் 41 நாள் மறுபடியும் சைவம். நடுவில் கிடைப்பது ஐப்பசி ஒரு மாதம்தான்.

மேன்ஷன் படிக்கட்டு வாலிபர் காலண்டரை எடுத்து எண்ணிப் பார்க்கிறார். இன்னும் 27 நாள். சட்டைப் பையிலிருந்து பொட்டுக்கடலை பொட்டலத்தைப் பிரிக்கிறார்.