குமிழி இல்லாத வார்ப்பு: பல் பட்டறையின் கையடக்க அதிர்வி

பல் போனால் சொல் போச்சு என்பது நம் பெரியவர்கள் வாக்கு. பல் போனால் சோறும் போச்சு என்பதை என் அம்மாயியிடம் கண்டவன் நான். முப்பது ஆண்டுகளாக மைசூரில் பல் செட் செய்யும் தொழிலில் இருக்கிறேன். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "இலக்கியம் எழுத நான் யாரு, எனக்குத் தெரிஞ்சது பிளாஸ்டரும் மெழுகும்தானே" என்றேன். "அதையே எழுதுங்க அண்ணா" என்றார்கள். ஆகவே எங்கள் பட்டறையில் யாரும் பெரிதாக எண்ணாத ஒரு சின்னக் கருவியைப் பற்றி இங்கே எழுதத் துணிந்தேன். தமிழில் அதிர்வி எனலாம். பட்டறையில் நாங்கள் வைப்ரேட்டர் என்றே சொல்கிறோம். வாயில் எடுத்த அச்சுக்குள் பிளாஸ்டரை நிரப்பும்போது நடுநடுங்கச் செய்து, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது அதன் வேலை.

அம்மாயியின் பல் செட்

எங்கள் ஊர் மார்டள்ளி. கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அன்று மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1997-இல் சாமராசநகர் தனி மாவட்டமானபோது அதற்குள் போனது. அம்மாயி இருந்த இடத்தை விட்டு நகராமலே மாநிலமும் மாவட்டமும் மாறியவர். ஆனாலும் பெரிய வைத்தியம் என்றால் எங்களுக்கு அன்றும் இன்றும் மைசூர்தான்.

அம்மாயிக்கு அறுபது வயதுக்குள் பல்லெல்லாம் போய்விட்டது. மாமா கடன் வாங்கி, வெளியூரில் ஓர் இடத்தில் பல் செட் செய்து கொடுத்தார். ஒரு வாரம்தான் போட்டார். "கண்ணு, இதைப் போட்டா முள்ளு குத்தற மாதிரி இருக்குது. எனக்குப் பல்லும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். அதன்பின் ராகிக் களிதான். களிக்குப் பல் தேவையில்லை, விழுங்கினால் போதும். வறுத்த நிலக்கடலை என்றால் அவருக்கு உயிர். அதைப் பேரப்பிள்ளைகள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் தொழில் கற்க மைசூருக்கு வந்து ஓராண்டு கழித்து, ஊருக்குப் போனபோது அந்தச் செட்டை எடுத்துப் பார்த்தேன். பட்டறையில் சொல்லிக்கொடுத்தபடி, ஈறில் பதியும் பக்கத்தில் கொஞ்சம் பஞ்சை வைத்து இழுத்தேன். ஓரிடத்தில் இழை மாட்டிக்கொண்டது. அங்கே கடுகில் பாதி அளவுக்கு ஒரு மொட்டு. அதைத் தேய்க்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அதற்குள் ஆறு வருடம் ஓடிவிட்டது. பல் இல்லாத தாடை எலும்பு வருடா வருடம் தேய்ந்து இறங்கும். மொட்டைத் தேய்த்து எடுத்த பிறகும் செட்டு வாயில் நிற்காமல் ஆடியது.

அந்த மொட்டு எங்கிருந்து வந்தது? ஒரு காற்றுக் குமிழியிலிருந்து வந்தது. எப்படி என்று பார்ப்போம்.

அச்சும் வார்ப்பும்

பல் செட்டை நேராக வாயில் வைத்துச் செய்ய முடியாது. முதலில் மருத்துவர் வாயில் அளவு எடுக்கிறார். ஆரம்ப அளவுக்குப் பெரும்பாலும் ஆல்ஜினேட் என்ற பொடியைத் தண்ணீரில் குழைத்து டிரேயில் வைத்து அழுத்துகிறார்கள். இது பழுப்புக் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுக்கும் பொருள். நம் மன்னார் வளைகுடாவில் எடுக்கும் சர்காசம் பாசியிலும் ஆல்ஜினேட் உண்டு. இறுகியதும் டிரேயை வெளியே எடுத்தால், மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறிய ஓர் எதிர் வடிவம் கிடைக்கும். அதுதான் அச்சு. எச்சில் போகக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, காலம் தாழ்த்தாமல் அதில் பிளாஸ்டரோ ஸ்டோனோ ஊற்ற வேண்டும். வைத்திருந்தால் ஆல்ஜினேட் தண்ணீரை இழந்து சுருங்கிவிடும். இறுகிய பின் பிரித்தெடுத்தால் அந்த ஆளின் தாடை அப்படியே கையில் இருக்கும். இதை மாடல் என்கிறோம்.

இனி குமிழியின் கணக்கு. அச்சின் பரப்பில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் அங்கே ஸ்டோன் போகாது. மாடலில் ஒரு குழி விழும். அந்த மாடலின் மேல் பல் செட் செய்யும்போது அக்ரிலிக் அக்குழிக்குள் புகுந்து மொட்டாகிறது. மொட்டு ஈறில் குத்துகிறது. பட்டறையில் கண்ணுக்குத் தப்பிய ஒரு புள்ளி, வாயில் புண்ணாகிறது.

தண்ணீர்க் கணக்கு

பிளாஸ்டருக்கு மூலம் ஜிப்சம் என்ற கல். பாரிசின் மோன்மார்த்ர் பகுதிச் சுரங்கங்களால் 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' என்ற பெயர் வந்தது. ஜிப்சத்தை ஏறக்குறைய 110 முதல் 130 டிகிரி வரை சூடாக்கினால் தன்னுள் இருக்கும் நீரில் முக்கால் பங்கை இழந்து பொடியாகும். அப்பொடியில் மறுபடி தண்ணீர் ஊற்றினால் இழந்ததை வாங்கிக்கொண்டு மீண்டும் கல்லாகும். அப்போது சூடும் வரும். கையைக் காலை முறித்துக்கொண்டு மாவுக்கட்டு போட்டவர்களுக்கு அந்தச் சூடு தெரியும்.

100 கிராம் பொடி கல்லாக மாறத் தேவையான தண்ணீர் 18.6 மில்லிதான். ஆனால் அந்த அளவில் கலந்தால் அச்சில் ஊற்றவே முடியாது. ஆகவே சாதாரணப் பிளாஸ்டருக்கு 45 முதல் 50 மில்லியும், டென்டல் ஸ்டோனுக்கு 28 முதல் 30 மில்லியும், மிகக் கடினமான டை ஸ்டோனுக்கு 22 முதல் 24 மில்லியும் சேர்க்கிறோம். கூடுதல் தண்ணீர் பின்னால் ஆவியாகி, இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுப் போகும். தண்ணீர் கூடக்கூட மாடலின் வலு குறையும்.

இங்கேதான் சோம்பேறித்தனம் உள்ளே வருகிறது. கெட்டியாகக் கலந்தால் ஓடாது, தண்ணியாகக் கலந்தால் ஓடும். "இன்னும் ரெண்டு சொட்டு விட்டா ஈசியா போகுமே" என்று தோன்றும். அதிர்வி இருந்தால் அந்த இரண்டு சொட்டு வேண்டியதில்லை. கெட்டிக் கலவையையே ஓட வைக்கலாம்.

அதிர்வு என்ன செய்கிறது?

ராகி அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். படியில் தலை தட்ட நிரப்பிய பிறகு பக்கத்தில் நாலு தட்டு தட்டினால் ராகி இறங்கும், மேலே இன்னும் ஒரு கை போடலாம். தானியங்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நடுவில் காற்றை வைத்திருந்தன. தட்டியதும் பிடிப்பு விட்டு நெருங்கி உட்கார்ந்தன. விற்பவர் தட்டமாட்டார், வாங்குபவர் தட்டச் சொல்வார். அந்தச் சண்டைக்குக் காரணமே இந்த இயற்பியல்தான்!

ஸ்டோன் கலவையிலும் இதுவே நடக்கிறது. சும்மா வைத்தால் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து கூழ்போல நிற்கும். நடுக்கம் கொடுத்தால் பிணைப்பு தளர்ந்து எண்ணெய்போல வழியும். நடுக்கத்தை நிறுத்தினால் மறுபடி நிற்கும். தளர்ந்திருக்கும் அந்த நேரத்தில் காற்றுக் குமிழிகள் மேலே ஏறி உடைகின்றன.

ஆனால் அதிர்வு இருந்தால் மட்டும் போதாது. ஊற்றும் முறையும் வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கன்னடக்காரர். டிரேயின் ஒரு கோடியில், கடைவாய்ப் பல்லின் பக்கம், புளியங்கொட்டை அளவு கலவை வைப்பார். அதிர்வில் அது தானாக நகர்ந்து முதல் பல் குழியை நிரப்பி, அடுத்ததற்குப் போய், காற்றை முன்னால் தள்ளிக்கொண்டே மறு கோடி சேரும். அதன்பிறகே அள்ளி நிரப்ப வேண்டும். நான் அவசரப்பட்டு இரண்டு பக்கமும் வைத்தால், "நிதான, நிதான" என்று கையைப் பிடிப்பார். பாத்திக்குத் தண்ணீர் ஒரு மடையில் விட்டால் காற்று முன்னே ஓடும். இரு மடையும் திறந்தால் நடுவே சிக்கும். அவ்வளவுதான் சூத்திரம்.

மேசையில் ஒன்று, கையில் ஒன்று

மேசை அதிர்வி கனமான பெட்டி. உள்ளே மின்காந்தம், மேலே ரப்பர் போர்த்திய தட்டு. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. எளிய வகையில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு இழுப்பு, ஆக நொடிக்கு 100 நடுக்கம். டிரேயைத் தட்டின்மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

கையடக்க அதிர்வி பேனாவைப்போல அல்லது டார்ச் லைட்டைப்போல இருக்கும். உள்ளே ஒரு சின்ன மோட்டார். அதன் அச்சில் ஒருபக்கம் மட்டும் கனம் கூடிய ஒரு துண்டு. அது சுற்றும்போது கருவி முழுவதும் நடுங்கும். பல செல்போன்கள் நடுங்குவதும் இந்த வகையில்தான். மேசை அதிர்வியில் டிரேயைக் கருவிக்குக் கொண்டுபோகிறோம். இதில் கருவியை டிரேக்குக் கொண்டுவருகிறோம். எந்தப் பல் குழியில் கலவை தயங்குகிறதோ அந்த இடத்துக்கு நேராக டிரேயின் வெளிப்புறத்தில் தொட்டால் போதும். நுனியைக் கலவைக்குள் விடக்கூடாது. வெளியே எடுக்கும்போது அந்த வழியே காற்று புகும். வீட்டுக்குக் கான்கிரீட் போடுபவர்கள் ஊசி வைப்ரேட்டரை மெல்ல மெல்ல மேலே இழுப்பதும் இதனால்தான்.

எங்கள் ஊரில் ஒருமுறை பல் முகாம் நடந்தது. பள்ளிக்கூடத் திண்ணையில் அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மைசூர் வரை அச்சுகளைக் கொண்டுபோனால் மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகும், ஆல்ஜினேட் தாங்காது. பேட்டரியில் ஓடும் கையடக்க அதிர்வி ஒன்று என் பையில் இருந்தது. அன்று அளவெடுத்த அத்தனை அச்சுகளையும் அங்கேயே ஊற்றி முடித்தேன். கருவி கெட்டுப்போனாலும் கவலையில்லை. டிரேயின் கைப்பிடியை மேசை ஓரத்தில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே ஊற்றலாம். பழைய ஆட்கள் அப்படித்தான் ஊற்றினார்கள்.

அதிர்வு கூடாத இடம்

வேகம் கூடினால் வேலை நன்றாக நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பலமாகக் குலுக்கினால் கலவை துள்ளிப் புதுக் காற்றை உள்ளே வாங்கும். ரொம்ப நேரம் குலுக்கினால் கனமான துகள் அடியில் தங்கித் தண்ணீர் மேலே வரும். இறுக ஆரம்பித்தபின் குலுக்கினால் பிடித்த பிடிப்பும் உடையும்.

பீங்கான் பல்லுக்கு இன்னும் மென்மை வேண்டும். ஈரப் பீங்கான் பொடியை உலோகத் தொப்பியின்மேல் வைத்து, பிடித்திருக்கும் இடுக்கியின்மேல் வரிவரியாக வெட்டிய கைப்பிடியுள்ள கருவியை உரசுவோம். அந்த நடுக்கத்தில் தண்ணீர் மேலே வரும். காகிதத்தால் ஒற்றி எடுப்போம். இத்தனை நெருக்கியும் சூளையில் அதன் கொள்ளளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கும்.

பல் செட்டின் அக்ரிலிக்குக்கோ அதிர்வே வேண்டாம். 1930-களின் பிற்பகுதியில் இது வருவதற்குமுன் கெட்டி ரப்பரில் செட் செய்தார்கள். அக்ரிலிக் பொடி மூன்று பங்கு, திரவம் ஒரு பங்கு கலந்து, சப்பாத்தி மாவு பதம் வந்ததும் பிளாஸ்டர் அச்சுக்குள் திணித்து பிரஸ்ஸில் இறுக்க வேண்டும். ஓடுகிற பொருளுக்கு நடுக்கம், மாவுக்கு அழுத்தம். பொருளறிந்து கருவி எடுக்க வேண்டும்.

இந்தக் கவலை நமக்குப் புதிதல்ல. எங்கள் காட்டை ஒட்டி ஓடும் காவிரி, கீழே சுவாமிமலைக்குப் போகிறது. அங்கே ஸ்தபதிகள் மெழுகுச் சிலையின்மேல் முதலில் பூசுவது அந்த ஆற்றின் நைஸான வண்டல் மண்ணை. மெல்லிசாக, இடுக்கு விடாமல் பூசுகிறார்கள். அங்கே காற்று தங்கினால் உருகிய உலோகம் அந்த இடத்தில் புகுந்து, சுவாமியின் முகத்தில் மொட்டு எழும். நாங்கள் உலோகப் பல் வார்க்கும்போது மெழுகின்மேல் பிரஷ்ஷால் முதல் பூச்சு பூசி, கையடக்க அதிர்வியால் தொடுகிறோம். தொழில் இரண்டு, பயம் ஒன்றுதான்.

தொழிலாளிக்குக் காவல்

1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் எங்களை 'டென்டல் மெக்கானிக்' என்று அழைத்தது. இத்தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு சொல்கிறேன். உலோகம் வார்க்கும் பொடியில் சிலிக்கா உண்டு. மூக்கை மூடாமல் அந்தத் தூசியில் வேலை செய்தால் வருடக்கணக்கில் நுரையீரல் கெடும். அடுத்து, அதிர்வியைத் தொடுவது சில நொடிகள்தான், அதனால் ஆபத்தில்லை. நாள் முழுவதும் பிடித்துத் தேய்க்கும் மோட்டாரின் நடுக்கம் அப்படியல்ல. விரல் மரத்தாலோ வெளுத்தாலோ அலட்சியம் வேண்டாம்.

முடிவுரை

இப்போது வாய்க்குள் கேமராவை விட்டு அளவெடுத்து, கணினியில் வரைந்து, அச்சடித்துப் பல் செய்கிறார்கள். அதில் பிளாஸ்டரும் இல்லை, குமிழியும் இல்லை. வரட்டும், நல்லதே. ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு இன்றும் பல் செட் பிளாஸ்டர் வழியாகத்தான் வருகிறது. அவர்களுக்காக மூன்று வார்த்தை. புதுச் செட்டை வாங்கும்போது உட்புறம் பஞ்சை இழுத்துப் பாருங்கள். குத்தினால் நீங்களே அரம் வைத்துத் தேய்க்காதீர்கள், மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். போகும் முதல் நாள் செட்டைப் போட்டிருங்கள், எங்கே புண்ணாகிறது என்று அவருக்குத் தெரியும்.

அம்மாயிக்கு நான் புதுச் செட் செய்து கொடுத்தேன். ஒவ்வொரு அச்சையும் நானே ஊற்றினேன். முதல் நாள் கண்ணாடி பார்த்துச் சிரித்தார். பத்து நாள் கழித்து ஊரிலிருந்து சேதி வந்தது: "அம்மாயி கல்லக்கா கேக்குது, வரும்போது ஒரு கிலோ வாங்கிட்டு வா."