காரின் பற்றரி அடிக்கடி இறங்குவது ஏன்?

மோட்டார்க் கார் வைத்திருப்போரிடம் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. மாலையில் நன்றாக ஓடி வந்து நின்ற வண்டி, விடியற்காலையிற் சாவியைத் திருப்பியதும் ‘டிக், டிக்’ என்று ஒலித்துவிட்டு அடங்கிவிடுகின்றது. அயலாரைக் கூப்பிட்டுத் தள்ளுகிறார்கள். அல்லது வேறொரு வண்டியிலிருந்து கம்பி தொடுத்து உயிர்ப்பிக்கிறார்கள். மூன்றாம் நாள் மீண்டும் அதே கதை. ‘பற்றரி பழுது, புதிது போடவேண்டியதுதான்’ என்பது சூழ நிற்போரின் தீர்ப்பு. இத்தீர்ப்புப் பல வேளைகளிற் பிழையாகிவிடுகின்றது. நோய் ஓரிடத்திலிருக்க மருந்து வேறோரிடத்திற் பூசப்படுகின்றது.

இதை ஒரு சிறு விடயமென்று தள்ளிவிடல் ஆகாது. நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்தாண்டுகளும் பழைய கார்களே குடும்பங்களுக்குக் கைகொடுத்தன. 2022இல் எரிபொருள் கிடையாது கார்கள் வாரக்கணக்கிற் கொட்டில்களில் முடங்கியபோது எத்தனையோ பற்றரிகள் ஓசையின்றி மாண்டன. கிராமத்தில் ஒரு வீட்டுக் கார் என்பது, இரவில் யாருக்கேனும் நெஞ்சு நோவு கண்டால் அவ்வொழுங்கை முழுவதற்குமான ஆஸ்பத்திரி வண்டி. அது அந்த வேளையிற் கிளம்ப மறுத்தால் வருவது வெறுஞ் சிரமம் அன்று.

பற்றரியின் இயல்பை முதலிற் சிறிது அறிதல் நலம். மாணவர்கள் இதனை மின்கலவடுக்கு என்ற பெயரிற் படித்திருப்பார்கள். 1859இல் பிரான்சு நாட்டவரான கஸ்தோன் பிளான்ரே ஈயத் தகடுகளை ஐதான சல்பூரிக்கமிலத்தில் அமிழ்த்தி ஆக்கிய கலத்தின் வழித்தோன்றலே இன்றும் நம் கார்களில் இருப்பது. ஒரு கலம் ஏறத்தாழ 2.1 உவோல்ற்றுத் தரும். ஆறு கலங்கள் தொடராக நிற்க 12.6 உவோல்ற்று ஆகின்றது. மின் வெளியேறுந்தோறும் தகடுகளின் மீது ஈயச்சல்பேற்று என்னும் வெண்பொருள் படிகின்றது. மின்னேற்றினால் அது கரைந்து பழைய நிலைக்கு மீளும். ஆனால் இறங்கிய பற்றரியை நாட்கணக்கில் அப்படியே விட்டால் அப்படிவு இறுகிக் கல்லாகிவிடும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் மீளாது. ஆகவே, வேறெங்கோ உள்ள குற்றத்தாற் பலமுறை இறங்கிய நல்ல பற்றரி, ஈற்றில் தானும் உண்மையிலேயே பழுதாகிவிடுகின்றது. அப்போது ‘நான் சொன்னேன் அல்லவா, பற்றரிதான் பிழை’ என்று சொன்னவர் மகிழ்கிறார். காரணமும் காரியமும் இடம் மாறிப்போனதை எவரும் கவனிப்பதில்லை.

வளவிலுள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். காலையில் தொட்டி வறண்டு கிடந்தால், தொட்டி வெடித்திருக்கலாம். கிணற்றிலிருந்து நீர் ஏறாது இருந்திருக்கலாம். இரவு முழுவதும் எங்கோ ஒரு குழாய் ஒழுகியிருக்கலாம். வெடிப்பைத் தேடாமற் புதுத் தொட்டி கட்டுவாரை நாம் என்னவென்போம்? காரின் விடயத்தில் மட்டும் அதனைத் தயங்காது செய்கிறோம்.

சோதனைக்கு வேண்டியது ஒரு மல்ரிமீற்றர். மின்சாரச் சாமான் விற்குங் கடைகளில் எளிய வகை கிடைக்கும். இரவு முழுவதும் நின்ற காரின் பற்றரி முனைகளில் அதனைத் தொடுத்துப் பார்க்க, 12.6 காட்டினால் பற்றரி நிறைந்திருக்கின்றது, 12.2 எனின் பாதி, 12.0 எனின் காற்பங்கு, 11.8இற்குக் கீழ் எனின் வெறுமை. அடுத்து, ஒருவர் சாவியைத் திருப்ப மற்றவர் மானியைப் பார்க்கவேண்டும். நிறைந்த பற்றரி ஸ்ரார்ட்டரைச் சுழற்றும்போது ஏறத்தாழ 10 உவோல்ற்றுக்குக் கீழ் விழலாகாது. 12.6 காட்டிய பற்றரி சுழற்றும் வேளையில் 8க்கும் 7க்கும் சரிந்தால் அது முதுமை எய்திவிட்டது. அதற்கு மட்டுமே புதிது வாங்குதல் மருந்து. மூடி திறக்கும் பழைய வகையாயின் நீரமானியால் ஆறு கலங்களையும் தனித்தனியே பார்க்கலாம். ஐந்து கலங்கள் ஒத்திருக்க ஒன்று மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால் அக்கலமே குற்றவாளி. நம் நாட்டு வெப்பம் பற்றரிக்குக் கூற்றுவன் என்பதையும் இங்கு சொல்லவேண்டும். குளிர்நாட்டிற் பற்றரி குளிரிலே திணறுவது கண்டு குளிரே அதன் பகை என்பர். ஆயினும் உள்ளிருந்து அரித்து ஆயுளைக் குறைப்பது வெப்பமே.

இயந்திரம் ஓடும்போது அதே முனைகளில் மானி பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை காட்டவேண்டும். 12.6ஐத் தாண்டாது நின்றால் மின் ஏறவில்லை: அல்ரனேற்றர், அதன் பட்டி, கம்பிகள் ஆகியவற்றை ஆராய்க. (அண்மைக்கால வண்டிகள் சிலவற்றிற் கணினியே இவ்வளவைக் கூட்டியுங் குறைத்தும் நடத்தும், அவற்றுக்கு இக்கணக்குச் செவ்வையாய்ப் பொருந்தாது.) மின் சரியாக ஏறினும், நாள்தோறும் சந்தைவரை 1 மைல் ஓடித் திரும்பும் கார், கிளம்புதற்குச் செலவழித்ததை மீட்டுக்கொள்ள நேரம் போதாமல் மெல்ல மெல்லக் கடனாளியாகும்.

முனைகளிற் பூத்திருக்கும் வெண்பச்சைப் பூஞ்சணம் போன்ற உப்பையும் மறவற்க. அது மின்னை உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது. வெந்நீரில் அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றிக் கழுவித் துடைத்து இறுக்கினாற் போதும். இக்கைவைத்தியத்தாலேயே குணமான கார்கள் பல.

இனி இரவிலே ஒழுகும் குழாய்க்கு வருவோம். எல்லாம் அணைத்துப் பூட்டிய பின்னும் மணிக்கூடு, களவு தடுக்கும் கருவி, கணினி நினைவு ஆகியன சிறிது மின்னை உண்ணும். 0.05 அம்பியருக்கு உட்பட்டது வழக்கமான உணவு. 45 அம்பியர்-மணிப் பற்றரியை அது பாதியாக்க 18 நாட்களுக்கு மேல் எடுக்கும். ஆனால் பொருட்பெட்டிக்குள் அணையாது கிடக்கும் 5 உவாற்றுச் சிறு குமிழ் 0.4 அம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டரை நாள் செல்லுமுன் பாதி போய்விடும்.

இதனைக் கண்டுபிடித்த வகைக்கு நம் அயலவர் ஒருவரின் காரை எடுத்துக்காட்டலாம். அவர் இளைப்பாறிய எழுதுவினைஞர். மனைவியாரைத் திங்கள்தோறும் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வார். வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கோயிலிலிருந்து வந்து நின்ற கார் திங்கள் காலை ஆறு மணிக்குக் கிளம்பாது. ஓராண்டுக்குள் இரண்டு புதுப் பற்றரிகள். “மாஸ்ரர், இது மூன்றாவது. இனி வாங்க என்னிடம் வழியில்லை” என்றார். கிளினிக்கை இருமுறை தவறவிட்டாயிற்று என்று அம்மா சொன்னது நமக்கு அதனினும் பாரமாயிருந்தது.

மின்னேற்றிய பற்றரி சோதனையிலே தேறியது. இயந்திரம் ஓடுகையில் 13.9. பின்னர் எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, கழித்தல் முனையின் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் நடுவே மானியை 10 அம்பியர் வாயில் தொடுத்து அரை மணி காத்திருந்தோம். காருக்குள் இருக்கும் கணினிகள் உறங்க அவ்வளவு நேரம் வேண்டும். அதற்குமுன் காட்டும் அளவை நம்பலாகாது. மானி இவ்வாறு நிற்கையிற் சாவியை ஒருபோதும் திருப்பலாகாது. ஸ்ரார்ட்டரின் பெருமின் மானியை எரித்துவிடும். மானி 0.6 காட்டியது. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். வழக்கமாக ஏதோ ஒன்றைக் கழற்றியதும் எண் விழும். அந்த வழியிலே திருடன் இருப்பான். இங்கு எதனைக் கழற்றியும் எண் அசையவில்லை. எஞ்சியது பியூஸ் பெட்டியைச் சாராது பற்றரியிலிருந்து நேரே செல்லும் தடித்த கம்பி. அல்ரனேற்றரைத் தொட்டுப் பார்த்தோம்; பல மணி நேரம் ஓடாத காரில் அது இளஞ்சூடாயிருந்தது. பற்றரியின் தொடுப்பை விலக்கி, அல்ரனேற்றரின் தடித்த கம்பியைக் கழற்றி, மீண்டும் அளக்க 0.03 என்று விழுந்தது.

அல்ரனேற்றருள் இருக்கும் இருவாயிகள் ஒருபக்கம் மட்டுந் திறக்குங் கதவுகள். அவற்றுள் ஒன்று பழுதானமையால், பகலில் ஏறிய மின் இரவில் வந்தவழியே திரும்பிக் கொண்டிருந்தது. மற்றவை நன்றாயிருந்தமையாற் பகற் சோதனையிற் குற்றம் தெரியவில்லை. 0.6 அம்பியரை 60 மணியாற் பெருக்கினால் 36. 45இல் எஞ்சுவது 9. திங்கள் காலையின் மர்மம் அவ்வளவே. கராச்சில் அந்த இருவாயித் தட்டை மாற்றினார்கள்; மூன்றாவது பற்றரியே இன்றும் இருக்கின்றது.

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற முதிய கார்களைப் போற்றி வருவோர்க்கு ஒரு சொல். அவற்றின் தைனமோ மெல்லோட்டத்தில் மின் ஏற்றாது; ஆகவே சனநெருக்கடியில் விளக்கேற்றி ஊர்ந்தால் பற்றரி இறங்குவது குற்றமன்று, இயற்கை. மேலும், 1960களின் பிற்பகுதி வரை வந்த பிரித்தானியக் கார்கள் பலவற்றிற் கூட்டல் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அதனை அறியாது கம்பி தொடுத்தால் விபரீதம்.

எந்தக் காரிலும், மின்னேறும் பற்றரி ஐதரசனை வெளிவிடும்; அதனருகே தீக்குச்சியும் சுருட்டும் ஆகா. உடலோடு இணைந்த முனையையே முதலிற் கழற்றி ஈற்றிற் பூட்டுக. சாவி தவறி உடலிற் பட்டாலும் பொறி எழாது. கலங்களிற் குறைவது நீரே, அமிலம் அன்று. காய்ச்சி வடித்த நீரையே விடுக. கலப்புவகைக் கார்களில் உள்ள செம்மஞ்சட் கம்பிகளைத் தொடவே வேண்டா, அவை உயிர்க்கொல்லிகள். அவ்வகைக் கார்களிலும் 12 உவோல்ற்றுச் சிறு பற்றரி தனியே உண்டு. பிரியஸ் போன்றவற்றில் அது பின்புறத்தில் ஒளிந்திருப்பதாற் பலர் அதனை அறியவே மாட்டார்கள். கார் உயிர்க்காதபோது பெரிய பற்றரி போயிற்றென்று அஞ்சி நடுங்குவர். பெரும்பாலும் போனது அச்சிறியதே. மேற்சொன்ன உவோல்ற்றுக் கணக்கும் ஒழுக்குக் கணக்கும் அதற்கும் பொருந்தும். பருமனிற் சிறியதாகையால் சற்று விரைவில் இறங்கும்.