15,000 ரூபாய் வவுச்சரா, 1 லட்சம் கடனா? பவர் டூல்ஸ் வாங்கும் முன் தச்சர்கள் போட வேண்டிய கணக்கு

காரைக்காலில் இருந்து தரங்கம்பாடி போகும் வழியில், புதுச்சேரி எல்லை முடியும் இடத்தில் இருக்கிறது பூவம். நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. இரண்டு பக்கத்துத் தச்சர்களுக்கும் வேலை ஒன்றுதான். ஆனால், புது மெஷின் வாங்க அரசு உதவி தேடினால் ஆளுக்கொரு கதவைத் தட்ட வேண்டும்.

கையில் தூக்கிப் போகும் மெஷின் எதுக்கு?

தச்சு வேலையில் பெரும்பகுதி இப்போது சைட்டுக்கே போய்விட்டது. பிளைவுட் அலமாரி, மாடுலர் கிச்சன் எல்லாம் வாடிக்கையாளர் வீட்டிலேயே வெட்டிப் பூட்டப்படுகின்றன. பைக்கில் ஏறாத கருவி அங்கே உதவாது. மின் இணைப்பு வராத புது வீட்டில் ஒயர் உள்ள மெஷினும் சும்மாதான் கிடக்கும். பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961-லேயே பேட்டரி டிரில்லைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் எடை குறைந்து, நீண்ட நேரம் உழைக்கும் கருவியாக அது மாறியது லித்தியம் அயான் பேட்டரி வந்த பிறகுதான்.

பூவத்தில் என்ன உதவி?

2023 செப்டம்பர் 17-ல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சும் ஒன்று. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான் பலன். திறன் சரிபார்த்த பிறகு, கருவி வாங்க 15,000 ரூபாய்க்கு மின் வவுச்சர். பயிற்சி நாட்களுக்குத் தினமும் 500 ரூபாய் உதவித்தொகை.

அடிப்படைப் பயிற்சி முடித்தால் பிணையில்லாமல் 1 லட்சம் ரூபாய் கடன். வட்டி 5%, தவணை 18 மாதம். அதை ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 2 லட்சம், 30 மாதம். புதிய பதிவு நடக்கிறதா என்பதை பொதுச் சேவை மையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்?

இந்தத் திட்டத்தை இப்போதைய வடிவில் ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும், குறைந்தபட்ச வயதை 35 ஆக்க வேண்டும் என்பது அதன் வாதம். பதிலாக 2025 ஏப்ரலில் வந்தது கலைஞர் கைவினைத் திட்டம்: 3 லட்சம் வரை கடன், 25% மானியம் (உச்சவரம்பு 50,000 ரூபாய்), 5% வரை வட்டி மானியம். வயது 35 ஆகியிருக்க வேண்டும். ஆக, தரங்கம்பாடியில் 25 வயதுத் தச்சருக்கு இரண்டுமே இல்லை.

முதல்ல எதை வாங்கலாம்?

* தினமும் கையில் எடுக்கும் கருவிக்கே முதல் பணம். டிரில் டிரைவர், மரம் அறுக்கும் மெஷின் தினசரித் தேவை. வருடத்தில் நாலு நாள் மட்டும் தேவைப்படும் ரவுட்டரை வாடகைக்கு எடுக்கலாம்.
* ஒரு கம்பெனி பேட்டரி பொதுவாக இன்னொரு கம்பெனி மெஷினில் சேராது. முதல் டிரில் வாங்கும்போதே அடுத்த மூன்று மெஷினுக்கும் கம்பெனியைத் தேர்ந்தெடுத்து விடுகிறீர்கள். பக்கத்து ஊரில் சர்வீஸ் இருக்கா என்று பாருங்கள்.
* 18 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் 72 வாட் ஹவர் மின்சாரம். 2 ஆம்பியர் ஹவர் என்றால் அதில் பாதி. விலையை மட்டும் பார்க்காமல் இதையும் ஒப்பிடுங்கள்.
* பிரஷ்லெஸ் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேயும் தொல்லை இல்லை. விலை கூடுதல், தினசரி உபயோகத்துக்குக் கட்டுப்படியாகும்.
* கடற்கரைக் காற்றில் பிளேடும் பிட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும். துடைத்து, எண்ணெய் தடவி, மூடிய பெட்டியில் வையுங்கள்.
* மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. மாஸ்க்கும் தூசி உறிஞ்சியும் பட்ஜெட்டுக்குள் வர வேண்டும்.

கடன் கட்டுப்படியாகுமா?

1 லட்சத்துக்கு 5% வட்டியில் 18 மாதத் தவணை மாதம் சுமார் 5,780 ரூபாய். மொத்த வட்டி சுமார் 4,000 ரூபாய்தான். 25 நாள் வேலை இருந்தால் நாளுக்கு 230 ரூபாய். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை 12 நாளாகக் குறைந்தால் அதுவே 480 ரூபாய். புது மெஷின் நாளுக்கு எவ்வளவு கூடுதலாகச் சம்பாதித்துக் கொடுக்கும் என்ற கணக்கை மழை மாதத்தை வைத்துப் போடுங்கள். அது இடித்தால், 15,000 ரூபாய் வவுச்சரோடு தொடங்கி, இரண்டாவது மெஷினை முதல் மெஷினின் வருமானத்தில் வாங்குவதுதான் பாதுகாப்பு.